புகை அலாரத்துக்குப் போட்ட தொப்பி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு சோற்றுக் கோப்பையில் இருந்துதான் கதை பிறந்தது.

எங்கள் சின்ன ஊர் டென்மார்க்கில், பிராண்டேக்கும் சில்க்போர்க்குக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு அந்த ஊரின் பொது மண்டபத்தில் சரஸ்வதி பூசை வைத்தோம். பீற்றர் அண்ணை சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மன்னார்க் கத்தோலிக்கர்தான், ஆனால் வடை எங்கே பொரிகிறதோ அங்கே நிற்பார். வேலை பிராண்டேயில், காற்றாலைக்கு இறக்கை செய்கிற இடத்தில். அதோடு எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பகுதிநேர வீரர். இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன அழைப்புக் கருவி தொங்கும். அது கத்தினால் எதையும் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடவேண்டும்.

அன்று ஐயர் கற்பூரம் கொளுத்தினார். மண்டபத்தின் புகை அலாரம் அலறியது. அந்த அலாரம் நேரே தீயணைப்பு நிலையத்தோடு தொடுக்கப்பட்டது, ஆகவே அடுத்த நொடி பீற்றர் அண்ணையின் இடுப்பும் கத்தியது. அவர் சோற்றில் அப்போதுதான் கை வைத்திருந்தார்.

“எங்கையண்ணை ஓடுறியள்? நெருப்பு இஞ்சைதானே!” என்றேன்.

“இஞ்சைதான் எண்டு எனக்கும் தெரியும், யோகா. ஆனால் அங்கை போய் வண்டியிலைதான் வரவேணும். அதுதான் றூல்ஸ்.”

கோப்பையை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினார். ஏழு நிமிடத்தில் தலைக்கவசமும் முழு உடுப்புமாகச் சிவப்பு வண்டியில் திரும்பி வந்தார், அதே கோப்பைக்கு. கூட வந்த ஐந்து டேனிஷ்காரரையும் இருத்திச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். மண்டபப் பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் உங்கள் ஆட்களுக்கு மண்டபம் இல்லை என்றார்.

(இவ்வளவும் போன கிழமை எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.)

2

தொப்பி அதற்குப் பிறகு வந்தது.

எனக்குச் சில்க்போர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டும்போது தலை நனையாமல் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி அங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்கும். அதில் ஒன்றை அலாரத்துக்குப் போட்டால் புகை போகாது என்று சொன்னவர் பீற்றர் அண்ணைதான்.

“கற்பூரம் முடியிற மட்டும் கிடக்கட்டும். நான் நிக்கிறன்தானே. நிலையம் மூண்டு நிமிசம். ஆனால் கழட்டுறது என்ரை வேலை, வேறை ஒருத்தரும் கைவைக்கப்படாது.”

அன்று தொடங்கியது. பூசையோ, பிறந்தநாளோ, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, நான் ஏணியில் ஏறிப் போடுவேன், அவர் ஏறிக் கழற்றுவார். கழற்றிச் சுருட்டிச் சேட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டு, “முடிஞ்சுது” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். ஒன்பது வருடம். ஒரு தடவையும் பிசகியதில்லை.

ஓம், பிழைதான். சட்டப்படி குற்றம்கூட. ஆனால் இரண்டு தலைமுறையாக மண்டபத்துக்கு அலைந்த சனத்திடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

(வாய்விட்டு வாசித்துக் கடிகாரம் பார்த்தேன். முதல் வரியில் அலாரம் அடித்திருந்தால், எங்கள் பழைய நிலையத்து வண்டி இதற்குள் பாதி வழி வந்திருக்கும்.)

3

இனி சட்டம். கதைக்குள் சட்டம் வந்தால் வாசகர் எழும்பிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இருங்கள்.*

கோபன்ஹேகன் பாராளுமன்றத்தில் கைதூக்கினார்கள். நகரசபைகள் இனித் தனித்தனியாகத் தீயணைப்பு நடத்தக்கூடாது, சேர்ந்து பெரிய வட்டாரமாக நடத்தவேண்டும். எந்த நிலையம் தேவை, எது தேவையில்லை என்று வட்டாரமே கணக்குப் பார்க்கட்டும். அவ்வளவுதான் சட்டம். அதில் எங்கள் ஊரின் பெயர் இல்லை. எங்கள் ஊரை நினைத்து ஒருவரும் அதை எழுதவில்லை. எனக்குப் பயம் தருவதே அதுதான்.

கணக்குப் பார்த்தவர் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு வரைபடத்தோடு வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் கை கொடுத்தார். எங்கள் ஊர் வெளிர் பச்சையில் இருந்தது. பச்சை என்றால் ஆபத்துக் குறைவாம். பக்கத்துப் பெரிய ஊரிலிருந்து வண்டி வரப் பத்தொன்பது நிமிடம்.

பீற்றர் அண்ணை எழும்பினார். அவர் பேசியதை நான் முதலில் இப்படித்தான் எழுதினேன்: “அவர் சிங்கம் போல எழுந்து நின்று முழங்கினார், மண்டபமே—”

வேண்டாம். அவர் முழங்கவில்லை. குரல் நடுங்க, தன் உடைந்த டேனிஷில் ஒரே கேள்விதான் கேட்டார். அந்தப் பத்தொன்பது நிமிடத்தை எந்த மாதத்தில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று.

வந்தவர், அது சராசரி என்றார்.

வெளியே கார் அருகில் வைத்துப் பீற்றர் அண்ணை என்னிடம் சொன்னார்: “சராசரியா ஒரு வீடும் எரியிறேல்லை, யோகா. எரிஞ்சால் முழுசாத்தான் எரியும்.”

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நிலையத்தைப் பூட்டினார்கள். பின்னேரம் கேக் வெட்டி, கோப்பி கொடுத்து, எல்லோருடைய அழைப்புக் கருவியையும் திருப்பி வாங்கினார்கள்.

*சட்டத்தையும் தூரத்தையும் நிமிடங்களையும் கதைக்காக என் கைக்கு வந்தபடி எழுதியிருக்கிறேன். யாரும் நகரசபைக்குக் கடிதம் போடவேண்டாம்.

4

இந்தப் பகுதியை இன்றைக்குத் தொடங்கினேன். டிசம்பர் ஞாயிறு, மதியம், முதியோர் இல்லத்தின் ஓய்வறை. நிலையம் பூட்டிய நாளை உணர்ச்சியாக எழுதவேண்டும் என்று ஆசை. இப்படித் தொடங்கினேன்:

“அன்று என்னால் போக முடியவில்லை. ஏனென்றால் அதே சனிக்கிழமை என் மகள் மேனுஜாவின் சாமத்தியவீடு. மண்டபத்தில் இருநூறு பேர். வழக்கம்போல நான்தான் ஏணியில் ஏறித் தொப்பியைப் போட்டேன். பீற்றர் அண்ணை—”

அந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது.

பீற்றர் அண்ணை அங்கே இல்லை. கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். “முடிஞ்சுது” என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆலாத்தி எடுத்தது நினைவிருக்கிறது. மேனுஜா சேலை தடக்கி விழப்போனது நினைவிருக்கிறது. வாழைமரத்தைக் காரில் ஏற்ற முடியாமல் நானும் என் கணவர் குணசேகரமும் சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. நான் இரண்டாம் முறை ஏணியில் ஏறியது மட்டும் நினைவில் இல்லை. ஐயோ, நான் ஏறவே இல்லை.

வெள்ளைக் கூரையில் வெள்ளை அலாரம். அதன்மேல் கண்ணாடிப் பிளாஸ்டிக். கீழே நின்று பார்த்தால் தெரியாது. இரண்டரை மாதமாக எங்கள் ஆட்கள் அங்கே ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் ஊர்ச்சனத்தின் எத்தனை பிறந்தநாள் நடந்திருக்கும்!

இன்றைக்கு அங்கே ஊரின் கிறிஸ்மஸ் மர விழா. பழைய முறைப்படி, மரத்தில் உண்மையான மெழுகுதிரிகளைக் கொளுத்திச் சுற்றிவரக் கைகோத்துப் பாடுவார்கள். முப்பது நாற்பது சின்னப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பிள்ளைகளில் மேனுஜாவும் ஒருத்தி. மர விழா இரண்டு மணிக்கு. அப்போது இரண்டு பத்து.

மேனுஜாவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. அவளுடைய போன் ஜக்கெற்றுக்குள் இருக்கும், ஜக்கெற் நடையில் தொங்கும். குணசேகரம் கோல்டிங்கில் தமக்கை வீட்டில், காரும் அங்கே. இங்கே பன்னிரண்டு முதியவர்களுக்கு நானும் வேலைக்கு வந்து நாலு நாளான ஒரு பெண்ணும். விட்டுவிட்டு ஓட முடியாது. அவசர எண் நூற்றுப்பன்னிரண்டுக்குப் போன் அடித்து என்ன சொல்வது? நெருப்பு இல்லை, தொப்பி இருக்கிறது என்றா?

ஊரில் பூசைகளை முன்னின்று நடத்துகிற சபாரத்தினம் அண்ணைக்கு எடுத்தேன். அவர் மகனோடு ஜெர்மனியில் நின்றார்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. தெரிஞ்சால் இந்த மண்டபம் செத்தாலும் கிடையாது. எத்தினை வருசமா மரத்திலை மெழுகுதிரி கொளுத்துறாங்கள், என்ன நடந்தது? நாளைக்கு நான் வந்து ஆறுதலாக் கழட்டிறன்.”

இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன். “ஓம் அண்ணை” என்று சொல்லிப் போனை வைத்தேன். எழும்பிப் போய் ஒரு பாட்டிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி கலக்கினேன். மண்டபம் போய்விடும், எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள், நாளைக்குக் கழற்றிவிடலாம் என்றெல்லாம் என் மனம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது. என் பிள்ளை அங்கே நிற்கிறாள். ஆறு நிமிடம் அப்படிப் போனது. பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

பீற்றர் அண்ணைக்கு எடுத்தேன்.

“அண்ணை, மேனுஜாவின்ரை சாமத்தியவீட்டிலை... தொப்பி...”

அந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்தினார்.

“அண்டைக்கு நான் அங்கை இல்லையே, யோகா.”

“தெரியும் அண்ணை. இப்ப மர விழா நடக்குது.”

“நான் ஓவர்டைமிலை, பிராண்டேயிலை. வெளிக்கிடுறன். றோட்டெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்குது, எப்பிடியும் இருவது நிமிசம் போகும். நீங்கள் பொறுப்பாளருக்குப் போன் அடியுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. மெழுகுதிரி எல்லாத்தையும் ஊதி நூக்கச் சொல்லுங்கோ. மண்டபம் போனால் மயிராப் போச்சு.”

பீற்றர் அண்ணை தூசணம் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

பொறுப்பாளர் எடுக்கவில்லை. பாடிக்கொண்டிருப்பார். குரல் பதிவில் எல்லாவற்றையும் சொன்னேன், என் பெயரோடு, டேனிஷில். அது நாங்கள் போட்ட தொப்பி என்று.

இனிச் செய்ய எதுவும் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

5

முடிவு ஒன்று: பீற்றர் அண்ணை ஏணியில் ஏறிப் பார்க்கிறார். தொப்பியே இல்லை. யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சாகும்வரை சிரிக்கட்டும்.

முடிவு இரண்டு: தொப்பி இருக்கிறது. சுருட்டிச் சேட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்து “முடிஞ்சுது” என்கிறார். எங்களுக்கு இனி மண்டபம் இல்லை. மேனுஜா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

முடிவு மூன்று: அலாரம் அடிக்கவில்லை. பிள்ளைகள் மரத்தைச் சுற்றுகிறார்கள். பின்னால் உடுப்புகள் தொங்கும் நடையில் முதலில் ஒரு—

மாட்டேன். நான் எழுத மாட்டேன்.

6

வாசிக்கிறவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதைப் போட்டாலும் சரி, இரண்டாவதைப் போட்டாலும் சரி. மூன்றாவதை மட்டும் மனதுக்குள்கூட எழுதிப் பார்க்கவேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முதல் வரியிலிருந்து இவ்வளவு தூரம் வர உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் எடுத்திருக்கும். முதல் வரியில் பெரிய ஊரிலிருந்து வெளிக்கிட்ட வண்டி இன்னும் வந்திருக்காது. பீற்றர் அண்ணையும் போனை வைத்துப் பதினாலு நிமிடம். அவர் மண்டபத்து வாசலில் கார் நிறுத்த இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.

அந்த ஆறு நிமிடம் என்னிடம் இருந்தது. நான் அதில் சீனி கலக்கினேன்.

மேனுஜாவுக்கு மறுபடி எடுக்கிறேன். மணி போகிறது.