தார்ன்பி ஏகாம்பரம்

பாடையை அரிச்சந்திரன் கல்லுக்கு முன்னால் இறக்கினார்கள். அங்கே பேரைச் சொல்லி வழி கேட்காமல் எந்தப் பிணமும் இடுகாட்டுக்குள் போகாது. வெட்டியான் துலுக்காணம் தடியால் கல்லைத் தட்டினார்.

“யாரு வந்துக்கீறது? பேர் சொல்லுங்கப்பா.”

“ஏகாம்பரம்,” என்றார் செத்தவரின் தம்பி கங்கையா.

“தார்ன்பி ஏகாம்பரம்!”

எல்லோரும் திரும்பினார்கள். தெருமுனையோடு நின்றிருக்க வேண்டிய மகள் சுந்தரி, ஈரத் தலையோடு பின்னாலேயே வந்திருந்தாள்.

“பொம்பளைக்கு இங்க என்னா வேலை?” என்று சீறினார் கங்கையா. “அந்த வெள்ளக்காரன் பேரு இப்ப எதுக்கு? மேலூரு சாதிக்காரங்க வரப்புல நின்னுக்கினு சிரிக்கிறாங்க பாரு.”

ஊருக்கே தெரிந்த கதைதான். ஆந்திரா தனியாகப் பிரிந்து இந்த ஊரும் அந்தப் பக்கம் போன வருஷம், சுந்தரியை ஹைஸ்கூலில் சேர்க்கப் போன இடத்தில் குமாஸ்தா, “இண்டி பேரு ஏமி?” என்றார். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பேர் உண்டு. இவர்களுக்கு ஏது? குமாஸ்தா சிரித்ததும் ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் ரயில் பாதை அளக்க வந்த துரைக்குக் குடை பிடித்தவர் அவர். “தார்ன்பி,” என்று அந்தத் துரையின் பேரைச் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஊர் அவரைத் துரை, துரை என்று கிண்டல் செய்தது. அவர் பேரை விடவில்லை.

சுந்தரிக்கு அழுகையைவிடக் கோபம்தான் பொங்கியது.

“சிரிக்கட்டும் சின்னநைனா. அந்தத் தொரையோட முப்பாட்டனும் கூலிக்காரன்தான். முள்ளுக்காட்டு ஊரை உட்டுப் பொழைக்கப் போன எடத்துல, ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்ட்டாங்களாம். தார்ன்பின்னா அவங்க பாஷையில முள்ளு ஊருதான். தொரையே நைனாகிட்ட சொல்லிக்கீறாரு. கூலிக்காரன் பேரைக் கூலிக்காரன் வச்சிக்கினா யாருக்கு என்னா?”

“செத்த எடத்துல வம்பு பண்ணாதடி.”

“எல்லைக் கோடு போட்டப்போ இந்த ஊரு எந்தப் பக்கம்னு நம்மள யாரு கேட்டாங்க? நைனா தானா எடுத்துக்கினது இந்தப் பேரு ஒண்ணுதான்.”

கல்லுக்கும் பாடைக்கும் நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். தூக்க வந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

துலுக்காணம் வரப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். பிறகு கல் அதிரத் தட்டினார்.

“அரிச்சந்திரா! தார்ன்... தார்ன்பி ஏகாம்பரம் வந்துக்கீறான்! வழி உடு!”

வரப்பு வரைக்கும் கேட்டது. சுந்தரி எழுந்து விலகினாள். முதலில் தோள் கொடுத்தவர் கங்கையா.

குழியை மூடிய பிறகு, நரி தோண்டாமலிருக்க வேலிமுள் வெட்டிக் கொண்டுவந்தார்கள். கங்கையா கையிலிருந்த கிளையைச் சுந்தரி வாங்கினாள்.

“பாத்துப் புடிம்மா. முள்ளு.”

அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.