ஒரு வீட்டுக்கு இரண்டு இடம் கிடைத்த கதை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. இரவல் வாங்கியது. அதுவும் சும்மா தரவில்லை, நிபந்தனையோடு தந்தார்கள்.

நூலகத்தின் மாடியில் வாரம் ஒரு மாலை கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். (கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், நூலகருக்கும் தெரியும். இருவரும் வெளியே சொல்வதில்லை.) ஒருநாள், ஐம்பதை நெருங்கும் பெண்மணி ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் எழுதினார்கள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து நான் நாற்காலிகளை அடுக்கியபோது, கேட்காமலேயே கைகொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராம். தனக்கு எழுத வராது, எழுதும் ஆசையும் இல்லை, ஆனால் எழுத வேண்டிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றார். அதன் பிறகு சில வாரங்கள், நாற்காலி அடுக்கும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

சொல்லி முடித்த அன்றுதான் நிபந்தனை வந்தது.

"எல்லாத்தையும் நடந்தது நடந்தபடி எழுதுங்க, சார். ஆனா கதையில வர்ற அம்மா அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லக் கூடாது. அதை மட்டும் எடுத்துடுங்க."

சரி என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரு வாக்கியம்தானே, எடுத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மேசையின் மேல் மூன்று பல்கலைக்கழகங்கள் கிடந்தன." பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகங்கள் மேசைமேல் கிடக்காது, அவற்றின் கையேடுகள்தான் கிடக்கும். கெட்டிக்காரத்தனம் வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "தன் மகளுக்காக எல்லாவற்றையும் துறந்த ஒரு தாயின்" — இதை முடிக்கக்கூட இல்லை. இப்படித் தொடங்கினால் அந்த அம்மாவே வந்து என்னை அடிப்பார்.

மூன்றாவதாக, உள்ளதை உள்ளபடி தொடங்குகிறேன்.

(ஒரு சிறு குறிப்பு: நேரில் அவர் 'அவர்'. கதைக்குள் 'அவள்'. கதைக்குள் நுழைகிறவர்கள் மரியாதையைச் செருப்போடு வாசலில் விட வேண்டியிருக்கிறது. என்ன செய்ய.)

3

வார்டுகளில் அவளைப் 'பெட்ஷீட் அக்கா' என்பார்கள். விரிப்புக்குத் தட்டுப்பாடு வந்தால் அவளைக் கூப்பிட வேண்டும், கறை போகாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவன் நான், ஆனால் குடியிருப்பது தரைத்தளம் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்ளும் மனிதர். ஒரே மகள். வீட்டில் பாப்பா.

பாப்பா பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தபோது, அடுத்து என்ன படிக்கலாம் என்ற பேச்சு வந்தது. என்ன படிக்க ஆசை என்று அம்மா கேட்டாள். "தெரியலம்மா" என்றாள் பாப்பா. நாலு நாள் விட்டுக் கேட்டாள். அப்போதும் அதே பதில். ஒரு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு யோசிக்கட்டுமா என்று பாப்பா கேட்டாள். சும்மா இருந்தால் புத்தி துருப்பிடித்துவிடும் என்று அம்மா அந்தப் பேச்சுக்கு அன்றே பூட்டுப் போட்டாள்.

முடிவையும் அம்மாவே எடுத்தாள். மருந்தாளுநர் படிப்பு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவள். ஆஸ்பத்திரியில் மருந்தகத்தைத் தாண்டித்தான் சலவைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு நாற்காலி இருந்தது. தன் மகள் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு கணக்கு. கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், வந்துபோகும் செலவு, கைச்செலவு என்று ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல, கணவர் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இல்லை. வெளியூர் என்றால் இரண்டு சம்பளமும் முழுசாக வேண்டும். இழுத்துப் பிடித்தால் முடியும் என்று தெரிந்தபோது இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். அந்த மேசையில் அதிகம் பேசாமல் இருந்தது பாப்பா மட்டும்தான்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். பாப்பா அப்போது என்ன நினைத்தாள்? எனக்குத் தெரியாது. அம்மா சொன்ன பாப்பாவைத்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் அன்றைக்கு அவளைத் தெரிந்திருக்கவில்லை. எனவே அவளை அப்படியே, தலையைக் குனிந்து மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க விடுகிறேன்.)

4

ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று பார்வையாளர் நாளில் அம்மாவும் பாப்பாவும் போனார்கள். ஆய்வுக்கூடங்களைச் சுற்றிக் காட்டப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்குக் கால் கடுத்தது. திறந்திருந்த ஒரு வகுப்பறையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அது வரலாற்றுத் துறையின் மாதிரி வகுப்பு. வீட்டுக்கு வீடு கடிகாரம் வராத காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி நேரத்துக்கு எழுந்தார்கள் என்று ஒரு பேராசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். காசு வாங்கிக்கொண்டு ஜன்னலைத் தட்டி எழுப்பிவிடும் ஆட்கள் இருந்தார்களாம். அம்மா காலை மறந்துவிட்டாள்.

கேள்வி இருக்கிறதா என்றார் பேராசிரியை. தன் கை எப்படி உயர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கடிகாரமே இல்லன்னா, ஒருத்தர் லேட்டா வந்துட்டாருன்னு எதை வச்சுச் சொல்வாங்க?"

தாமதமாக வருகிறவர்களைத் தினமும் பிடிக்கிறவளுக்கு வேறென்ன கேள்வி வரும். பேராசிரியை சிரித்தார். பிறகு மேசையைச் சுற்றி முன்னால் வந்து நின்று, அவளைப் பார்த்தே வெகுநேரம் பதில் சொன்னார். வகுப்பு கலைந்ததும் பக்கத்தில் வந்து, வேலை பார்க்கிறவர்களும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், வயது தடையில்லை என்றார்.

அம்மா அதைப் பாப்பாவிடம் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது எங்கே போயிருந்தாய் என்று பாப்பா கேட்டதற்கு, கால் வலித்தது, உட்கார்ந்திருந்தேன் என்றாள். பொய்யும் இல்லை.

5

அம்மா நுழைவுத் தேர்வு எழுதினாள். பாப்பாவின் பழைய பாடப் புத்தகங்களை, அவளைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் வாங்கிப் படித்தாள். மகளுக்கு உதவுகிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

பாப்பாவுக்கு வெளியூரில் இடம் கிடைத்தது. அப்பா அந்த வாரம் ஏறி இறங்கிய கட்டடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குச் சில நாள் கழித்து, உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. அவளுக்கும் இடம். காதில் சரியாக விழாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு விரிப்புகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கின்மேல் கன்னத்தை வைத்து நின்றாள். துணி இன்னும் சூடாக இருந்தது.

பகல் நேரப் படிப்பு அது. சேர்ந்தால் பாதி நேரம்தான் வேலை பார்க்க முடியும், சம்பளமும் பாதியாகும். பாப்பாவின் விடுதிக்கு அந்தப் பாதி இல்லாமல் முடியாது. புதிதாகக் கணக்குப் போட என்ன இருக்கிறது? மறுநாளே கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கதாசிரியனுக்கு அந்த இடம் இடித்தது. அவர் அதட்டுகிற மனிதர் இல்லையே.

"சொல்லியிருந்தா 'நீயும் போ, எப்படியாவது சமாளிப்போம்'னுதான் சொல்லியிருப்பார், சார். அதனாலதான் சொல்லல" என்றார் அந்த அம்மா.

6

இனி அந்த வாக்கியம்.

இரண்டாம் வருட விடுமுறைக்குப் பாப்பா வந்திருந்தாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு இந்தப் படிப்பு ஒட்டலம்மா. நிறுத்திடறேன்."

கொடுத்த வாக்குப்படி எழுதிப் பார்த்தேன்:

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, வேற என்ன பண்ணலாம்னு யோசிப்போம்" என்றாள். பாப்பா நிமிர்ந்து பார்த்து —

இதற்கு மேல் போகவில்லை. பாப்பா அழுதாள் என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. சிரித்தாள் என்று எழுதினேன், அதைவிடப் பொய். அம்மாவின் தோளில் சாய்ந்தாள் என்று எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகி அடித்தேன். அந்தப் பதிலைக் கேட்ட பாப்பா என்று ஒருத்தி பிறக்கவே இல்லையே. இல்லாதவளுக்கு நான் எங்கிருந்து முகம் கொடுப்பேன்?

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். அந்த அம்மா மன்னிக்க வேண்டும்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கிடைச்ச இடத்தை உனக்காக விட்டவடி நான்."

என்ன இடம் என்று பாப்பா கேட்டாள். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பேராசிரியை, தேர்வு, தொலைபேசி, ஒன்று விடாமல். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டும்போது எந்த வாய்க்கு அது நினைவு வருகிறது?

பாப்பா குரலை உயர்த்தவில்லை.

"நான் கேட்டேனாம்மா?"

அப்பா கை காயும் வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் எழுந்து உள்ளே போன பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் லிஃப்ட் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

7

எழுதியதை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாக்குத் தவறியதற்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். நாற்காலிகள் எல்லாம் அடுக்கி முடிந்த மாடியில், தரையில் உட்கார்ந்து படித்தார். அந்த வரி வந்ததும் விரலால் அதை மூடிக்கொண்டு மேலே படித்தார். பிறகு விரலை எடுத்தார்.

"இருக்கட்டும், சார். இதை எடுத்துட்டா அவ அப்புறம் ஏன் அப்படி ஆனாள்னு யாருக்கும் புரியாது."

எப்படி ஆனாள்? கெட்டுப்போகவில்லை. அங்கேதான் வருத்தமே. மறுநாளே விடுதிக்குத் திரும்பினாள், நிறுத்துகிற பேச்சை அதன்பின் எடுக்கவில்லை, நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். இன்று இன்னொரு ஊரில் மருந்தாளுநர். உட்கார்ந்துதான் வேலை. வாரம் தவறாமல் கூப்பிடுவாள். நன்றாக இருக்கிறேன் என்பாள். என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுன்னாலும் சரிம்மா" என்பாள். பிறந்தநாளுக்கு என்ன நிறத்தில் துணி எடுக்கட்டும் என்று கேட்டாலும் அதே பதில். சண்டை இல்லை, கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தால் விருந்தாளியைப் போல, தான் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

போன மாதம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு ஒரு தொகை வந்தது. பெரிய தொகை. வேலைக்குப் போன நாளிலிருந்து சேர்த்திருக்க வேண்டும். கூடவே ஒரு குறுஞ்செய்தி: "இப்ப நீ படிம்மா. வரலாற்றுத் துறையில கேட்டுட்டேன். முழுப் படிப்புக்கும் இது போதும்."

கணவருக்கு இதில் குழப்பமே இல்லை. பிள்ளை ஆசையாகக் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொண்டு படிப்பில் சேர் என்கிறார். அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"நீங்க எழுதுறவர், சொல்லுங்க. இது பாசமா, பைசலா?"

மனிதர்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளையே கேட்டுவிடுங்களேன் என்றேன்.

"கேட்டா 'பாசம்தாம்மா'ன்னுதான் சொல்லுவா. எனக்கு என்ன பிடிக்குமோ அதைத்தான் சொல்லுவா. அப்படிப் பழக்கினதே நான்தானே."

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அம்மா பல்கலைக்கழகம் போகிறாள், கடைசி பெஞ்சில் உட்கார்கிறாள். இன்னொன்றில் பணத்தைத் திருப்பி அனுப்புகிறாள், மகள் முதல் முறையாகக் கத்துகிறாள், அந்தக் கத்தலைக் கேட்டு அம்மாவுக்கு உயிர் வருகிறது. இது நல்ல முடிவு என்று கொஞ்ச நேரம் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இன்னொருத்திக்காக முடிவெடுத்தது போதும், மூன்றாவதாக நானும் எதற்கு?

கடைசியாகப் பிரியும்போது அந்த அம்மாவைக் கேட்டேன், இதை எதற்காக எழுதச் சொன்னீர்கள் என்று. பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"அவ நிறையக் கதை படிப்பா, சார்."

முடிவை வாசகர்களிடம் விட்டுவிடுவது என் போன்றவர்களின் வழக்கம். இம்முறை எல்லா வாசகர்களிடமும் விடவில்லை. மற்றவர்கள் இந்த இடத்தில் மூடி வைத்துவிடலாம்.

பாப்பா, நீ இங்கே வரை படித்திருந்தால் ஒன்று சொல்கிறேன். சேர்க்கை இந்த மாதக் கடைசி வரை திறந்திருக்கிறது. அம்மா இன்னும் படிப்பில் சேரவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்பவும் இல்லை. நீ கூப்பிடு. அவருக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் பரவாயில்லை.