வளைவில் மாட்டிக்கொண்ட இன்ஸ்பெக்டர்

புதுக் கட்டடங்களின் வயரிங்கைச் சோதித்து ஒப்புதல் கொடுப்பதுதான் அவர் வேலை. கையில் மீட்டரோடு அவர் படியேறினாலே கான்ட்ராக்டர்கள் ஓடிப்போய் ஒவ்வொரு சுவிட்சையும் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஷாக் சார்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

மகள் கல்யாணமாகிப் போனதும், காலியான அறையில் பெரிய மேஜை போட்டு, அதன்மேல் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட ஆரம்பித்தார். போன ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே பாதையில் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக மேஜையின் கோடியில் பாதையைச் சுருக்குக் கயிறு மாதிரி வளைத்து, அதனோடேயே கொண்டுவந்து சேர்த்தார்.

வளைவு லேசில் மசியவில்லை. துண்டுகளை முதலில் வளைத்துவிட்டுப் பிறகு ஈயம் பற்றவைத்தார். இணைப்புகள் முழங்கை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. நேராக வைத்துப் பற்றவைத்துவிட்டுப் பிறகுதான் வளைக்கவேண்டும் என்ற ஞானம் பிறப்பதற்குள் பாதித் தண்டவாளம் வீணாகியிருந்தது.

"என்னங்க, ஏதோ கருகுது?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஈயம்."

"நான் உங்க விரலோன்னு பயந்துட்டேன்."

"அதுவும்தான்."

ஒருவழியாகத் திறப்புவிழா வந்தது. பஸ் ஓட்டும் மைத்துனனையும் கூப்பிட்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு டிரான்ஸ்பார்மரின் குமிழைத் திருகினார். அதன் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்ததே தவிர, இன்ஜின் அசையவில்லை.

"தள்ளிவிடட்டுமா மாமா?" என்றான் மைத்துனன். "எங்க டிப்போவுல பாதி வண்டி அப்படித்தான் கிளம்பும்."

"டிரான்ஸ்பார்மர் சரியில்லை," என்றார் அவர், ஆபீஸ் குரலில்.

அதை வாங்கிய கடைக்குப் போய் ஒரு பாட்டம் சத்தம் போட்டார். கடைக்காரர் வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலும் அதே சிவப்பு விளக்குதான். மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு தண்டவாளமும் எங்கோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதாக அது காட்டியது. மேஜைக்கடியில் மல்லாந்து படுத்து, தண்டவாளங்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். சிந்திய ஈயத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் வேறு வழி தெரியாமல், இடது விரலை இடது தண்டவாளத்திலும் வலது விரலை வலதிலும் வைத்துக்கொண்டு, தானே ரயிலாகி மேஜையைச் சுற்றி நகர்ந்தார். வளைவுக்குள் புகுந்து, திரும்பி, மறுபடி நேர்ப்பாதைக்கு வந்து நின்றார். புறப்படும்போது சிவப்பு வயர்ப் பக்கம் இருந்த இடது விரல், இப்போது கறுப்பு வயர்ப் பக்கம் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கும் எதுவும் தப்பித் தொடவில்லை. சிவப்பைக் கொண்டுபோய்க் கறுப்போடு சேர்த்தது அவர் ஆசையாசையாய் வளைத்த அந்த வளைவேதான். அன்று காலையில்தான் ஒரு வீட்டு வயரிங்குக்கு ஒப்புதல் மறுத்து, 'அடிப்படை கூடத் தெரியாதவர் செய்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தனியா சிரிக்கிறீங்க?"

"ஷார்ட் சர்க்யூட் எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எங்க?"

அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "இன்ஜினீயரிங் படிச்சவங்க எல்லாரும் இந்த வளைவுலதான் சார் வந்து விழுவாங்க," என்றார் கடைக்காரர். "ஆனா திரும்பி வந்து ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்." பாராட்டா, குத்தலா என்று தெரியாமல் இவர் ஒரு சுவிட்சை வாங்கிக்கொண்டு வந்தார்.

வளைவின் இரண்டு முனைகளிலும் தண்டவாளங்களை அறுத்து இடைவெளி விட்டு, வளைவுக்குத் தனி வயர் கொடுத்தார். ரயில் வளைவுக்குள் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டு நேர்ப்பாதையின் மின்திசையை மாற்றிவிட வேண்டும். வளைவு வந்து சேரும் இடத்தில் ரயிலின் தடத்தை மாற்ற அவரும், சுவிட்சுக்கு மனைவியும் உட்கார்ந்தார்கள்.

முதல் தடவை ரயிலின் அழகைப் பார்த்துக்கொண்டே அவள் சுவிட்சை மறந்துவிட, வளைவின் வாயிலேயே வண்டி நின்றது.

"என் தப்புதான்," என்றாள்.

"பரவாயில்லை. இந்த மேஜையில் நடக்கிற முதல் தப்பா?"

இரண்டாம் தடவை 'டக்'கென்று போட்டாள். இன்ஜின் நேர்ப்பாதைக்கு வந்து, முகம் இவர்கள் பக்கமாக, கம்பீரமாக ஊர்ந்தது. கடைசிப் பெட்டி மட்டும் வளைவில் மிச்சமிருந்த ஒரு முழங்கை இணைப்பில் இடறிக் குப்புற விழுந்தது.

"அதுல ஆள் யாரும் இல்லையே?" என்றாள் மனைவி.

"இல்லை. காலிப் பெட்டி," என்றார் அவர், மிகுந்த பொறுப்போடு.