மூன்றாவது மாதிரிக் கல்

கல்லைக் கவிழ்த்து வெள்ளைத் தாள் மடிப்பில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் வைரத்தின் நிறம் பிடிபடும். சோதனைக்கூடத்தில் எல்லோரும் கழுகுக்கண் என்று கூப்பிடும் அவள் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். வெளுப்பிலிருந்து மஞ்சள் வரை ஐந்து மாதிரிக் கற்கள் வரிசையாக இருக்கும்; வெளுப்பு கூடக் கூடத் தரமும் விலையும் கூடும். வந்த கல் எதோடு ஒத்துப்போகிறதோ அந்தத் தரத்தைச் சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். "வைரத்துல தூசி தெரியுது, சோத்துல கல்லு தெரியலையே" என்று புருஷன் கிண்டலடிப்பான்.

அன்று மூன்றாவது மாதிரியை எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். அது பழைய கல் இல்லை, மஞ்சள் கூடுதல். அதோடு ஒப்பிட்டால் மட்டமான கல்லும் ஒரு படி ஏறிவிடும், விலையும் ஏறும்.

"சார், மூணாவது கல்லு மாறியிருக்கு" என்றாள் மேனேஜரிடம்.

"முதலாளிதான் மாத்தினாரு. மாதிரியைப் பாத்து எழுதுறது உன் வேலை. மாதிரியவே சோதிக்கிறது இல்ல."

"கையெழுத்து என்னுதாச்சே சார்."

"சம்பளமும் உன்னுதுதான்."

லேத் பட்டறையில் புருஷனுக்கு விரல்கள் போனதிலிருந்து அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வாயை மூடிக்கொண்டு எழுதினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு நகைக்கடைக்காரர் குதித்துக்கொண்டு வந்தார். அவள் கையெழுத்தோடு அவர் வாங்கிப்போன ஆறு கல்லும் வேறு கூடத்தில் சோதித்ததில் ஒரு படி கீழே இறங்கியிருந்தன. மேனேஜர் அவர் முன்னால் மாதிரிப் பெட்டியைத் திறந்தார். மூன்றாவது இடத்தில் பழைய கல் உட்கார்ந்திருந்தது.

"மாதிரி சுத்தமா இருக்கு, பாத்துக்குங்க. பாத்த கண்ணுதான் சரியில்ல."

"இது அந்தக் கல்லு இல்ல சார்!" என்று கத்தினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். சாயங்காலமே பார்வைக் குறைவால் நீக்கம் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தோடு எந்தக் கூடத்திலும் வாசலைத் தாண்ட முடியாது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். டாக்டர் சிரித்தார். "இந்தக் கண்ணை நான்தாம்மா இரவல் வாங்கணும்." சீல் குத்திச் சான்றிதழ் கொடுத்தார்.

மேனேஜர் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"காசு குடுத்தா எவன் வேணா சீல் குத்துவான். வெறும் காகிதத்தை நம்பித் தொழில் பண்ண முடியுமாம்மா?"

அவள் கீழே இறங்கி வந்தாள். கூடத்தின் பெஞ்சுகளில் ஆட்கள் கைக்குள் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் எண் கூப்பிட்டார்கள். டிரைவர் உடுப்பில் இருந்த ஒருவர் எழுந்துபோய், மை காயாத சான்றிதழை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஓரம் மடங்காமல் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.