எதிர்த்துப் பேச ஆளில்லை

நீர்வள அமைச்சரின் மசோதா இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது. எதிர்க்கட்சியினர் காகிதங்களைக் கிழித்தெறிந்து கூச்சலிட்டதில் விவாதமே நடக்கவில்லை. ஜெயித்தும் அமைச்சருக்கு மனசு நிறையவில்லை. இருபது வருடம் அவையில் தன்னை எதிர்த்து நின்று, போன தேர்தலில் தோற்றுப்போன முன்னாள் எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டுக்கு நேராகப் போனார்.

“மசோதா நிறைவேறிடுச்சுண்ணே.”

“டிவில பாத்தேன். மசோதாவை முன்னாடியே படிச்சிருந்தேன். மூணாவது பிரிவு தப்பாச்சே, யாரும் சொல்லலையா?”

“என்னைத் திருடன்னு கத்துனாங்க. பிரிவைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்க இருந்திருந்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பீங்க.”

தலைவர் சிரித்தார்.

“இப்பவாவது சொல்லுங்கண்ணே. கேக்கணும்போல இருக்கு.”

தலைவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, “மாண்புமிகு அமைச்சர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்” என்று ஆரம்பித்தார்.

அமைச்சர் பேனாவைத் திறந்து குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.