கஞ்சி இட்லி

கலைவாணியின் கஞ்சி இட்லியைத் தின்றவர்களின் பயமெல்லாம் அதை அவித்த கலைவாணிக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையார்பாளையத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காலையில் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அந்தப் பலகாரம் பிறந்ததே ஒரு தப்பில்தான். வானம் மூடிக் கிடந்த ஒரு காலையில், மழைக்கு முன் தெருவில் நீட்டிய தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுவிடும் அவசரத்தில், அந்தக் கஞ்சியைத் தயிர் என்று நினைத்து இட்லி மாவில் ஊற்றிவிட்டாள். கொட்ட மனசில்லாமல் மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு மந்தாரை இலையில் அவித்தாள். முதலில் தின்றவன் அவள் புருஷன் தினேஷ். இடி என்றால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவன், அன்று இடி இடிக்க இடிக்கத் தறியில் உட்கார்ந்து பாட்டுப் பாடினான். அடுப்படியில் கலைவாணி காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள்.

அப்புறம் ஊரே வந்தது. ஏனாத்தூர் கல்லூரி மாணவர்கள் பரீட்சைக்கு முன் வந்தார்கள். பாலாற்றுப் பாலத்துக்குப் பயந்த லாரிக்கார சத்யராஜ் தின்றுவிட்டு விசிலடித்துக்கொண்டு போனான். எழுதாத பரீட்சைக்கும் ஏறாத பாலத்துக்கும் கலைவாணிக்குக் குலை நடுங்கியது. அடுப்பை அணைத்தால் யாராவது கண் கலங்கி வாசலில் நிற்பார்கள், பாவப்பட்டு மறுபடி பற்றவைப்பாள். மகள் ஏலவார்குழலிக்கு மட்டும் ஒரு விள்ளல் தந்ததில்லை. பிள்ளைக்கு நெருப்புக்கும் கிணற்றுக்கும் பயப்படத் தெரிய வேண்டுமே.

போன ஆடியில் அந்தப் பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, "எனக்கும் இட்லி குடும்மா" என்று கேட்டது. ஊர் பயத்தையெல்லாம் சுமந்தவளுக்கு இந்த ஒரு பயத்தை வாங்கக் கை வரவில்லை. ஆனாலும் ஊட்டினாள். பிள்ளை சிரித்துக்கொண்டே தூங்கிப்போனது. கலைவாணிக்கு வந்தது கத்தியைப் பற்றிய பயம் இல்லை. நான் செத்துப்போனால் அம்மா இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாள் என்கிற பயம். கலைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

மகள் பிழைத்து வந்தாள். தினேஷ் தன் கையாலேயே மாவில் கஞ்சி ஊற்றி அவித்துக் கொண்டுவந்தான்.

"ஒரு வாய் துன்னு கலா. எல்லாத்தையும் நான் வாங்கிக்கிறேன். எத்தினி நாளுதான் நடுங்கிக்கினு இருப்ப?"

"மத்ததெல்லாம் எடுத்துக்கோயா. இது மட்டும் எம் பொண்ணோடது, தரமாட்டேன்."

பிரித்துக் கொடுக்க அந்த இட்லிக்குத் தெரியாது. அதனால் இலையை மூடி ஓரமாக வைத்தாள். கடை இன்றும் நடக்கிறது. கரண்டி நடுங்குவதால் சட்னி சிந்தும். வரிசையில் நிற்பவர்கள் பாத்திரத்தைக் கொஞ்சம் கிட்டே நீட்டிக்கொள்கிறார்கள்.