லூசியம்மாளின் கிலோமீட்டர்

சந்தியாகு அண்ணாச்சியின் கார் சாவி வாசல் நிலையில் அடித்த ஆணியில்தான் தொங்கும். தாராவியில் எங்கள் சந்துக்கு மொத்தமே அந்த ஒரு கார்தான். பிரசவமா, ஊர் ரயிலில் குர்லாவில் வந்து இறங்குகிற ஆளா, கல்யாண மாப்பிள்ளையா, எதற்கும் வாசலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்துப்போவோம். பெட்ரோல் போட்டுத் திரும்ப நிறுத்துவோம். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பதை நாங்கள் நினைத்ததே இல்லை.

போன வருஷம் எங்கள் சந்து மாரீஸ்வரன் தன் மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துப்போய், மாட்டுங்காவில் ஒரு தூணில் கதவை உரசிவிட்டான். டிங்கர் தௌசீப் ஒரு மத்தியானத்தில் தட்டி நிமிர்த்தியிருப்பான். மாரீஸ்வரன் கேட்கவில்லை.

"வருசா வருசம் கட்டுத துட்டு சும்மாவா போவணும்? கிளெய்ம் போடுங்க அண்ணாச்சி."

நாங்களும் ஆமாம் போட்டோம். கிளெய்ம் வந்தது. பல வருஷம் இடிக்காமல் ஓட்டியதற்குக் கிடைத்த தள்ளுபடி போனது. இந்த வருஷம் புதுப்பிக்கக் கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மனைவி லூசியம்மாளுக்கு வாரம் மூன்று தடவை செம்பூரில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது தலை நிற்காது. பின்சீட்டில் படுத்துத்தான் வருவாள். ஆட்டோவில் எங்கே படுப்பது? காரை விற்கவும் முடியாது, இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் எடுக்கவும் முடியாது.

மகள் ஷைனிதான் போனில் தேடி ஒரு வழி கண்டாள்.

"இது கிலோமீட்டர் பாலிசிப்பா. வருசத்துக்கு இவ்வளவுதான் ஓட்டுவோம்னு சொல்லிட்டா நல்லா குறையும். மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பணும். தாண்டினா மேல கட்டணும்."

"கட்டலேன்னா?"

"இடிச்சா நம்ம வண்டிக்கு ஒண்ணும் தரமாட்டான்."

ஆஸ்பத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சரியாக இருந்தது. சந்துக்கு மிச்சமில்லை. அண்ணாச்சி சாவியை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஷைனிதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்தக் கிலோமீட்டருக்குக் காவலும் இருக்க ஆரம்பித்தோம். அதில் மாரீஸ்வரன் ரொம்ப மோசம். வண்டி வந்து நின்றதுமே கண்ணாடி வழியாகத் தலையை நுழைத்து மீட்டரைப் பார்ப்பான்.

"மீன் வாங்கவா வண்டி? கால் ரெண்டும் எதுக்கு இருக்கு அண்ணாச்சி?"

"லேய், காரு எனக்கா ஒனக்கா?"

"காரு ஒங்களுக்கு. கிலோமீட்டரு லூசி மைனிக்குல்லா!"

சொன்னபடியே அவனும் நடந்தான். ஊரிலிருந்து மாமியார் வந்தபோது, அவளைக் கூட்டிக்கொண்டு பலாப்பழ மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு குர்லாவிலிருந்து ஆட்டோவில் வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து லூசியம்மாள் படுக்கவில்லை. ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதை அண்ணாச்சியே பிறகு எங்களிடம் சொன்னார்.

"இங்கேருங்க, கடலைப் பாத்து எம்புட்டு நாளாச்சு! மாகிம் வரைக்கும் போவமா?"

அவர் கண் மீட்டருக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம், வீட்டுக்கே விடுங்க."

அண்ணாச்சி தாராவிக்குத் திரும்பாமல் நேரே விட்டார்.

வந்து நின்றதும் மாரீஸ்வரன் வழக்கம்போலத் தலையை நுழைத்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கூடுதலா ஓடிருக்கு? எங்க போனிய?"

பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

"நாந்தான் கேட்டேம்யா. கடலைப் பாத்துட்டு வாரோம்."

அவள் சேலைக்கரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. மாரீஸ்வரன், தான் உரசிய கதவைக் கையால் தடவினான்.

"எங்க மாமியா வந்தன்னைக்கு நான் வண்டி கேக்கலல்லா? குர்லா போவ வர உள்ள கிலோமீட்டரு அப்படியே கெடக்கு. அதுல கழிச்சுக்கிடுங்க மைனி."

அவன் பெண்டாட்டி கோகிலவாணி, நிறைமாசக்காரி, படியில் உட்கார்ந்திருந்தவள், "நானும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோலதான் போவேன். என் பங்கையும் சேத்துக்கிடுங்க. அடுத்த வாரமும் போயிட்டு வாங்க மைனி" என்றாள்.

"போடி! ஒனக்கு வலி எடுத்தா இந்த வண்டிதான் வரும்" என்றாள் லூசியம்மாள். "அந்தக் கிலோமீட்டருக்கு ஈடா ஒங்க அண்ணாச்சி கோயிலுக்கு நடப்பாரு. நான் வீட்ல இருந்தே செபிச்சுக்கிடுதேன்."

சந்தே சிரித்தது. அண்ணாச்சி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். வார் அறுந்திருந்தது.

"லேய் மாரீஸு, அந்தச் செருப்பு தைக்கிறவன் இன்னும் கடை வச்சிருக்கானா?"